சாஃப்ட்வேர் போடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி வண்டி சூட்டுல உதர்றத சர்வீஸ் சென்டர்காரங்களுக்கு காட்டிடுங்க

வேளச்சேரில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. கடிதம் ரெண்டு பக்கம், நான் சுருக்கி சொல்றேன். 2021ல வாங்கின பெட்ரோல் ஆட்டோமேட்டிக், ஏழு கியர் டிரை க்ளட்ச் டிசிடி, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் வேளச்சேரி டூ சிறுசேரி, ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல ஊர்ந்து ஊர்ந்து போறது. போன கோடைல இருந்து அரை மணி நேரம் நின்னு நின்னு ஓட்டினா ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு மாறறப்ப வண்டி உதறுது, பிரேக்க விட்டதும் ஒரு நொடி யோசிச்சுட்டு அப்பறம் பொசுக்குனு தாவுது. காலைல எடுக்கறப்ப ஒண்ணுமே இல்ல, வெண்ணெய் மாதிரி போகுது. சர்வீஸுக்கு விட்டப்ப அட்வைசர் "கியர்பாக்ஸுக்கு கம்பெனில இருந்து புது சாஃப்ட்வேர் வந்திருக்கு மேடம், ஃப்ரீ தான், போட்டா எல்லாம் சரியாயிடும், இங்க ஒரு சைன் பண்ணுங்க"ன்னு சொல்லிருக்கார். இவங்க யோசிச்சு சொல்றேன்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் அதே அப்டேட் போட்டதுக்கப்பறம் வண்டி சோம்பேறி ஆயிடுச்சு, மைலேஜும் போச்சுன்னு சொல்லியிருக்கார். வீட்டுக்காரர் "ஓசில குடுக்கறான்னா ஏதோ விஷயம் இருக்கு, வாரன்டி முடியற வரைக்கும் உன்ன இழுத்தடிக்க பாக்கறாங்க"ன்றார். எக்ஸ்டெண்டட் வாரன்டி இன்னும் அஞ்சு மாசம் தான். "அண்ணா, போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க"ன்னு முடிச்சிருக்காங்க.

ஒரே வார்த்தைன்னா, போடுங்க. ஆனா இன்னிக்கே போய் போட்டுடாதீங்க தங்கச்சி, போடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு, அதச் செய்யாம போட்டீங்கன்னா உங்க வீட்டுக்காரர் பயப்படறது நிஜமாயிடும். அதத்தான் இப்ப நீட்டி சொல்லப்போறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல உங்க வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. டிசிடின்றது வெளில பாக்க ஆட்டோமேட்டிக், உள்ள பாத்தா மேனுவல் கியர்பாக்ஸ் தான், ஒண்ணுக்கு ரெண்டு க்ளட்ச் வெச்சது, கால்ல மிதிக்கறதுக்கு பதிலா கம்ப்யூட்டர் மிதிக்குது. ஒத்தப்பட கியருக்கு ஒரு க்ளட்ச், ரெட்டப்படைக்கு ஒரு க்ளட்ச். சாமி பல்லக்கு தூக்கறவங்க தோள் மாத்தறத பாத்திருப்பீங்க இல்ல, ஒருத்தர் தோள் குடுத்து பாரத்த வாங்கினப்பறம் தான் இன்னொருத்தர் விலகுவார், நடுவுல ஒரு நொடி ரெண்டு பேர் தோள்லயும் பாரம் இருக்கும். ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு மாறறதும் அப்படித்தான். அந்த மாத்தற நேரம் கொஞ்சம் பிசகினா பல்லக்கு ஆடும், அதத்தான் நீங்க உதறல்னு எழுதியிருக்கீங்க, ஒர்க்‌ஷாப்ல ஜட்டர்னு சொல்லுவோம். உங்களோடது டிரை க்ளட்ச், அதாவது ஆயில்ல மூழ்காம காத்துல நிக்கற க்ளட்ச். சூடு ஏறினா இறக்கி விட ஆயில் கெடையாது, காத்து தான் ஆத்தணும். சென்னைல மே மாசம், முன்னாடி பஸ்ஸு, பக்கத்துல தண்ணி லாரி, எங்கேருந்து காத்து வரும்?

இந்த க்ளட்ச் எந்த எடத்துல கவ்வ ஆரம்பிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு தெரிஞ்சிருக்கணும். கவ்வுற பாயிண்டுன்னு சொல்லுவோம், பைக் ஓட்டறவங்களுக்கு விரல்லயே அது தெரியும். க்ளட்ச் தேயத் தேய அந்த பாயிண்ட் நகரும், கம்ப்யூட்டர் ஓட ஓட அத கத்துக்கிட்டே வரும். இது ரெண்டு விதமா கெடும். ஒண்ணு, உள்ள எல்லாம் நல்லா இருந்தும் கம்பெனி எழுதின கணக்கே நம்ம ஊர் ட்ராஃபிக்குக்கு சரிப்படல. இன்னொண்ணு, கணக்கு சரி, ஆனா க்ளட்ச் தட்டே கருகி கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு, இல்ல எங்கயோ சீல் கசிஞ்சு ஆயில் பட்டுடுச்சு, இல்ல க்ளட்ச்ச தள்ளற லீவர் தேஞ்சுடுச்சு. முதல் வகைய சாஃப்ட்வேர் சரி பண்ணும், நிஜமாவே சரி பண்ணும். ரெண்டாவத எந்த சாஃப்ட்வேராலயும் சரி பண்ண முடியாது, ஆனா கொஞ்ச நாளைக்கு மூடி வெக்க முடியும். மாத்தற நேரத்த நீட்டி, இழுவைய கொறச்சு, உதறல் உங்களுக்கு தெரியாம பண்ணிடலாம், தட்டு உள்ள தேஞ்சுட்டே இருக்கும். அஞ்சு மாசம் தெரியாம இருந்தா போதாதா?

நான் கம்பெனிக்காரங்க எல்லாரும் திட்டம் போட்டு ஏமாத்தறாங்கன்னு சொல்ல வரல. நல்ல உதாரணமும் இருக்கு. 2016ல அமெரிக்கால ஹூண்டாய் டூசான் கிட்டத்தட்ட 81,000 வண்டிய ரீகால் பண்ணாங்க, அதாவது வித்த வண்டிய கம்பெனியே திரும்ப கூப்பிட்டு சரி பண்ணி குடுக்கறது, ஏழு கியர் டிசிடி தான், நின்ன எடத்துல இருந்து ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா சில நேரம் வண்டி நகர மாட்டேங்குதுன்னு புகார். சிக்னல்ல பச்ச விழுந்து மிதிச்சா வண்டி அசையலன்னா பின்னாடி வர்றவன் சும்மா இருப்பானா, ஆபத்து தான் அது. அதுக்கு தீர்வு வெறும் சாஃப்ட்வேர், கியர்பாக்ஸ இறக்கவே இல்ல. அந்த மாதிரி அப்டேட்ட வேண்டாம்னு சொல்றது முட்டாள்தனம்.

ஜப்பான்ல ஹோண்டா ஃபிட் ஹைப்ரிட் கதை வேற மாதிரி. 2013 செப்டம்பர்ல வந்த வண்டி, 2014 அக்டோபருக்குள்ள அஞ்சு ரீகால், ஆரம்பத்துல வந்த ரீகால் எல்லாம் டிசிடிய ஆட்டி வெக்கற கன்ட்ரோல் சம்பந்தமானது. ஒரு சாஃப்ட்வேர் போட்டு அது பத்தாம திரும்ப ஒண்ணு போட்டு, கடைசில கம்பெனி தலைவரே மூணு மாசத்துக்கு சம்பளத்த கொறச்சுக்கிட்டார். நம்ம ஊர்ல யாராச்சும் அப்படி பண்ணி நான் பாத்ததில்ல, அது கெடக்கட்டும். முதல் வெர்ஷன் தான் கடைசி வெர்ஷன்னு நினைக்காதீங்க, இன்னிக்கு போட்டதுக்கு அப்பறம் ஆறு மாசத்துல இன்னொண்ணு வரலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல.

இப்ப உங்க வீட்டுக்காரர் பக்கத்துக்கு வர்றேன், அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஃபோர்டோட ஆறு கியர் பவர்ஷிஃப்ட், அதுவும் டிரை க்ளட்ச் டிசிடி தான், அமெரிக்கால 2011ல இருந்து ஃபியஸ்டாலயும் 2012ல இருந்து ஃபோகஸ்லயும் வந்துச்சு. உதறுதுன்னு ஜனங்க வரிசைல நின்னாங்க. சாஃப்ட்வேர் போட்டாங்க, திரும்ப போட்டாங்க. உள்ள உண்மை என்னன்னா இன்புட் ஷாஃப்ட் சீல்ல, அதாவது கியர்பாக்ஸ் ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையத்துல, கசிவு, ஆயில் போய் காஞ்ச க்ளட்ச்ல படுது, எண்ணெ பட்ட தட்டுக்கு எந்த கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? கடைசில க்ளட்ச்சுக்கும் சீலுக்கும் வாரன்டிய 7 வருஷம் இல்ல 1,00,000 மைல்னு நீட்டினாங்க, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் மாட்யூலுக்கு 10 வருஷம் இல்ல 1,50,000 மைல். ஆஸ்திரேலியால இன்னும் மோசம், அங்க வண்டிக்காரங்க புகார் குடுத்தா நீங்க ஓட்டற விதம் தான் காரணம்னு திருப்பி அனுப்பியிருக்காங்க, கோளாறு இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டே. 2018 ஏப்ரல்ல அங்க ஃபெடரல் கோர்ட் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. அதனால யாராச்சும் கவுண்டர்ல "உங்க டிரைவிங் ஸ்டைல் மேடம்"னு ஆரம்பிச்சா உடனே தலையாட்டிடாதீங்க. ஸ்டைல்ல தப்பு இருக்கலாம், அதுக்கும் வர்றேன், ஆனா அத ஜாப் கார்டுல, வண்டிய விடறப்ப உங்க புகார எழுதற சீட்டுல, எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டாங்க.

ஃபோக்ஸ்வேகன் கதையும் நம்ம ஊருக்கு பக்கத்துல வர்ற கதை. அவங்க ஏழு கியர் டிரை டிஎஸ்ஜிக்கு, டிசிடிக்கு அவங்க வெச்ச பேரு அது, சீனால புகார் குவிஞ்சு, 2012ல வாரன்டிய 10 வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர்னு நீட்டினாங்க, அதுக்கப்பறமும் 2013 மார்ச்ல அரசு டிவில போட்டு கிழிச்சாங்க, 3,84,181 வண்டி ரீகால் ஆச்சு. அதே வருஷம் நவம்பர்ல உலகம் பூரா 16 லட்சம் வண்டி மாதிரி, கியர்பாக்ஸ்ல சின்தெடிக் ஆயில எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்தினாங்க. ஏன்னா வெக்கையும் ஈரமும் சேர்ந்து இருக்கற ஊர்ல, நின்னு நின்னு ஓடறப்ப, அந்த சின்தெடிக் ஆயிலால கியர்பாக்ஸுக்கு போற கரண்ட்ல கோளாறு வரலாம்னு. வெக்க, ஈரம், நின்னு நின்னு ஓடறது. மூணையும் சேத்து படிச்சுப் பாருங்க, உங்க ஓஎம்ஆர் துரைப்பாக்கம் சிக்னலுக்கு அட்ரஸ் எழுதின மாதிரி இல்ல? சாஃப்ட்வேரா, ஆயிலா, சீலான்னு பிரிச்சு பாக்கறது தான் வேல, சாஃப்ட்வேர மட்டும் நல்லதா கெட்டதான்னு கேட்டா பதில் வராது.

நானே ஒரு தடவ தப்பா சொல்லியிருக்கேன், அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நான் என்னமோ எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி ஆயிடும். ஏழெட்டு வருஷம் முன்னாடி கோயமுத்தூர்ல என் ஒர்க்‌ஷாப்புக்கு பழைய கஸ்டமர் ஒருத்தர் வந்தார், துணிக்கடைக்காரர், இதே மாதிரி கம்பெனி அப்டேட் குடுக்கறாங்க போடலாமான்னார். நான் "ஓடற வண்டிய எதுக்கு நோண்டறீங்க, வேண்டாம்னு சொல்லிடுங்க"ன்னேன், கொஞ்சம் கெத்தா வேற சொன்னேன். அவரும் வேண்டாம்னுட்டார். அங்க என்ன பண்ணாங்கன்னா ஜாப் கார்டுல "கஸ்டமர் அப்டேட் மறுத்தார்"னு ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிட்டாங்க. அந்த அப்டேட் வேற ஒண்ணும் இல்ல, க்ளட்ச் ஓவரா சூடானா சீக்கிரமே எச்சரிக்க வைக்கறது, ஊர்றப்ப இழுவைய கொறக்கறது, அவ்ளோ தான். பத்து மாசத்துல க்ளட்ச் செட் போச்சு. வாரன்டி இருந்துச்சு. அந்த ஒரு வரிய காட்டி கைய விரிச்சுட்டாங்க. லட்ச ரூபாய்க்கு கொஞ்சம் கம்மியா பில்லு, அவர் கட்டினார், என் கிட்ட ஒரு வார்த்த கோவமா பேசல, அதான் எனக்கு இன்னும் உறுத்துது. அப்பலேர்ந்து நான் யாருக்கும் வாரன்டி இருக்கறப்ப அப்டேட்ட மறுக்கச் சொல்றதில்ல.

சரி, உங்க கேஸ்.

அப்டேட் போட்டா ஒண்ணு கண்டிப்பா நடக்கும், நிறைய பேருக்கு இது தெரியாது. கம்ப்யூட்டர ஃப்ளாஷ் பண்றப்ப, அதாவது பழைய சாஃப்ட்வேர அழிச்சு புதுச ஏத்தறப்ப, அது உள்ள சேத்து வெச்சிருந்த ஃபால்ட் கோட் அழிஞ்சுடும், கத்துக்கிட்ட கவ்வுற பாயிண்ட் கணக்கெல்லாம் பெரும்பாலும் சைபர் ஆயிடும். அதாவது உங்க வண்டிக்கு ஒரு வருஷமா என்ன ஆச்சுன்னு வண்டி எழுதி வெச்சிருந்த டைரிய கிழிச்சு போடற மாதிரி. யாரும் வேணும்னு கிழிக்கறதில்ல, வேலையே அப்படித்தான். ஆனா அப்பறம் நாலு மாசம் கழிச்சு திரும்ப உதறுச்சுன்னா, "மொதல்ல இருந்தே இருந்துச்சு"ன்னு நீங்க சொல்றதுக்கு கைல ஒண்ணும் இருக்காது. அதனால ஃப்ளாஷ் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேனர் போட்டு கியர்பாக்ஸ் ஃபால்ட் கோட், க்ளட்ச் ரெண்டோட அடாப்டேஷன் வேல்யூ (கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட அந்த கவ்வுற பாயிண்ட் கணக்கு), இப்ப இருக்கற சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர், இந்த மூணையும் பிரிண்ட் எடுத்து குடுங்கன்னு கேளுங்க. பிரிண்ட் வராதுன்னா ஸ்கிரீன போட்டோ எடுத்துக்கங்க. சில எடத்துல தர மாட்டேன்னு சொல்லுவாங்க, கம்பெனி பாலிசின்னு. சொன்னா அங்கயே நின்னு "கேட்டேன், தரலன்னு சொன்னீங்க"ன்னு அந்த சர்வீஸ் சென்டரோட ஈமெயிலுக்கு ஒரு வரி அனுப்பிட்டு அப்பறம் பேசுங்க, குரல உயர்த்தவே வேண்டாம்.

அந்த அடாப்டேஷன் வேல்யூல தான் விஷயமே இருக்கு. க்ளட்ச் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு அத வெச்சு ஓரளவு சொல்லிடலாம். கம்பெனி குடுத்த எல்லைய தாண்டியிருந்தா அது சாஃப்ட்வேர் பிரச்சனை இல்ல, தட்டு மாத்தற பிரச்சனை, அன்னிக்கே க்ளெய்ம் போடச் சொல்லலாம்.

அதுக்கும் முன்னாடி, ஜாப் கார்டு. நீங்க போன தடவ குடுத்த ஜாப் கார்ட எடுத்து பாருங்க, "ஜெனரல் செக்கப், கியர் ஜெர்க்"னு ஏதாச்சும் ரெண்டு வார்த்த தான் இருக்கும், பந்தயம் கட்றேன். இந்த தடவ நீங்க சொல்ற மாதிரியே எழுத வைங்க. "ட்ராஃபிக்ல 30 நிமிஷத்துக்கு மேல ஓட்டினா ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்ட் மாறும்போது உதறல், பிரேக் விட்ட பிறகு நகர தாமதம், போன கோடைல இருந்து"ன்னு முழுசா. கிலோமீட்டர் எழுதணும், தேதி எழுதணும், காப்பி உங்க கிட்ட இருக்கணும். வாரன்டிக்குள்ள எழுதின புகார் வாரன்டி முடிஞ்சாலும் புகார் தான், எழுதாத புகார் புகாரே இல்ல.

அப்பறம் டெஸ்ட் டிரைவ். நீங்க பண்ணின தப்பு என்னன்னா, கடிதத்துலயே இருக்கு, காலைல ஒம்பது மணிக்கு கொண்டு போய் விட்டிருக்கீங்க, அவங்க காலி ரோட்டுல ஒரு ரவுண்ட் ஓட்டிட்டு "நார்மலா தான் இருக்கு மேடம்"னுட்டாங்க. நார்மலா தான் இருக்கும், ஆறின வண்டி தான? முன்னாடியே சொல்லி வெச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு டெக்னீஷியன பக்கத்து சீட்ல உக்கார வெச்சு நீங்களே ஓட்டி காட்டுங்க, நாப்பது நிமிஷம் ட்ராஃபிக்ல ஊருங்க, உதறல் வந்ததும் அவரையே ஓட்டச் சொல்லுங்க. ஒர்க்‌ஷாப் ஆளு கால்ல ஒரு தடவ அந்த உதறல் பட்டுடுச்சுன்னா அப்பறம் பேச்சே வேற. வண்டி சூடா இருக்கறப்பவே ரிவர்ஸ் போட்டு மெதுவா எடுத்தா உதறுதான்னும் பாத்து வெச்சுக்கங்க, ரெண்டு க்ளட்ச்ல எது கெட்டிருக்குன்றதுக்கு அது ஒரு துப்பு. இன்னொண்ணும் பாக்கச் சொல்லுங்க, எஞ்சின் மவுண்ட் போயிருந்தாலும், ஸ்பார்க் பிளக் தேஞ்சு மிஸ் அடிச்சாலும் மெதுவா போறப்ப இதே மாதிரி தான் உதறும், ஐநூறு ரூபா பிளக்குக்கு கியர்பாக்ஸ குத்தம் சொன்ன கேஸ் என் கிட்ட நிறைய இருக்கு.

இவ்ளோவும் ஆனப்பறம் அப்டேட் போடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வண்டிய எடுக்கற மாதிரி விடாதீங்க. சனிக்கிழமைன்னா இருபது வண்டி வரிசைல நிக்கும், ஃப்ளாஷ் பண்ணிட்டு ரீலேர்ன் பண்ணாம சாவிய குடுத்துடுவாங்க. ஃப்ளாஷ் முடிஞ்சதும் ஸ்கேனர்ல க்ளட்ச் ரெண்டையும் புதுசா கத்துக்க வைக்கணும், வண்டி ஒரு குறிப்பிட்ட சூட்டுல இருக்கணும், அப்பறம் ரோட்டுல ஒரு முறையா ஓட்டணும், எல்லாம் சேத்து நிதானமா பண்ணினா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். "அப்டேட்டுக்கப்பறம் வண்டி கெட்டுப் போச்சு"ன்னு வர்றதுல பாதி வண்டி இந்த ரீலேர்ன் பண்ணாத வண்டி தான், நான் பண்ணி விட்டா சரியாயிடும். ஃப்ளாஷ் பண்றப்ப பேட்டரிக்கு வெளிய இருந்து சப்போர்ட் சார்ஜர் போட்டிருக்காங்களான்னும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க, உங்க பேட்டரி நாலு வருஷம் ஆன பேட்டரி, நடுவுல வோல்டேஜ் எறங்கி ஃப்ளாஷ் பாதில நின்னா கன்ட்ரோல் யூனிட்டே போயிடலாம். போனா அவங்க தலைவலி தான், ஆனாலும் பத்து நாள் வண்டி இல்லாம நீங்க தான ஆட்டோல போகணும்.

ஆபீஸ்காரர் சொன்ன சோம்பேறித்தனம் பொய் இல்ல. டிரை க்ளட்ச் அப்டேட்ல பல தடவ பண்றது என்னன்னா, பிரேக்க விட்டதும் தானா ஊர்ற இழுவைய கொறச்சுடுவாங்க, ஏன்னா அந்த ஊர்ற நேரத்துல தான் க்ளட்ச் பாதி புடிச்சு பாதி விட்டு வழுக்கிட்டே சூடாகுது. சில அப்டேட்ல கியர் மாத்தற வேகத்தையும் நேரத்தையும் மாத்துவாங்க. உங்களுக்கு அது மந்தமா தெரியும், க்ளட்ச்சுக்கு அது நிழல். மைலேஜ் கொஞ்சம் மாறலாம், ஆனா மொத நாள் டிஸ்ப்ளேல காட்டறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, கம்ப்யூட்டர் புதுசா கத்துக்கவே ஒரு முன்னூறு நானூறு கிலோமீட்டர் ஆகும், ரெண்டு தடவ டேங்க் ஃபுல் பண்ணி கணக்கு போட்டுட்டு சொல்லுங்க. புடிக்கலன்னா பழைய வெர்ஷனுக்கு திரும்ப போகலாமான்னு கேட்டிருக்கீங்க, நடைமுறைல முடியாதுங்க, கம்பெனி ஸ்கேனர் பழைய ஃபைல பொதுவா ஏத்த விடாது. வெளில பண்ணி தர்றேன்னு ஆளுங்க இருக்காங்க, வாரன்டி இருக்கறப்ப அந்தப் பக்கமே போயிடாதீங்க.

அட்வைசர் கிட்ட கேக்க வேண்டிய ஒரு கேள்வி விட்டுப் போச்சு. இந்த அப்டேட் ரீகாலா, சர்வீஸ் கேம்பெய்னா, இல்ல புகார் சொன்னவங்களுக்கு மட்டும் போடற டெக்னிக்கல் புல்லட்டினா? மூணும் மூணு விதம். ரீகால்னா பாதுகாப்பு விஷயம், யோசிக்கவே வேண்டாம், போட்டே ஆகணும். நம்ம ஊர்லயும் இப்ப அதுக்கு சட்டம் இருக்கு, 2019 மோட்டார் வாகன திருத்தச் சட்டத்துல ரீகால் சேத்தாங்க, 2021 ஏப்ரல்ல இருந்து நடைமுறை, 7 வருஷத்துக்கு உள்ள இருக்கற வண்டிக்கு பொருந்தும். கேம்பெய்ன்னா உங்க சேசிஸ் நம்பருக்கு கம்பெனியே அனுப்பினது, அதுவும் ஃப்ரீ. புல்லட்டின்னா என்ன அர்த்தம் தெரியுமா, உங்க உதறல் மாதிரி ஒண்ணு கம்பெனிக்கு ஏற்கனவே தெரியும், அதுக்கு வழிமுறை எழுதி டீலருக்கு அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம். அந்த புல்லட்டின்ல பெரும்பாலும் "மொதல்ல சாஃப்ட்வேர் போடு, அப்பவும் போகலன்னா க்ளட்ச்ச அளந்து பாரு, மாத்து"ன்னு படிப்படியா இருக்கும். அதாவது நீங்க க்ளட்ச் வரைக்கும் போகணும்னா சாஃப்ட்வேர்ன்ற மொத படிய தாண்டித்தான் ஆகணும், அப்டேட்ட மறுத்தா மொத படியிலயே நிப்பீங்க. உங்க வீட்டுக்காரர் கிட்ட இத சொல்லுங்க, ஒத்துக்குவார்.

வாரன்டி புக்க எடுத்து க்ளட்ச்ச எந்த லிஸ்ட்ல போட்டிருக்காங்கன்னும் பாருங்க. பல கம்பெனி க்ளட்ச் தட்டு தேய்மானப் பொருள், வாரன்டி கெடையாதுன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, மேனுவல் வண்டிக்கு அது நியாயம், நம்ம கால்ல மிதிக்கறோம். டிசிடில மிதிக்கறது அவங்க கம்ப்யூட்டர், அப்ப தேய்மானம் யாரோட பொறுப்பு? இந்த கேள்விய இப்பவே ஈமெயில்ல கேட்டு பதில் வாங்கி வெச்சுக்கங்க. நேரா வாரன்டி தராட்டியும், எழுத்துல விடாம கேட்டவங்களுக்கு பாதி காச கம்பெனி ஏத்துக்கற வழி இருக்கு, குட்வில்னு சொல்லுவாங்க, வாய்ல கேட்டவங்களுக்கு அது கெடைக்காது. அதுலயும் ஆகலன்னா 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவில பதிவு பண்ணுங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையம் 50 லட்சம் வரைக்கும் விலை குடுத்த பொருளுக்கு கேஸ் எடுக்கும், பிரச்சனை ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். உங்களுக்கு ஆரம்பிச்சது போன கோடை, அத மறந்துடாதீங்க. ஆனா அது வரைக்கும் போக வேண்டி வராதுன்னு தான் நெனைக்கறேன்.

இப்ப ஓட்டற விதம். பழி போடறேன்னு நெனைக்காதீங்க, இந்த டிசைனே ஓஎம்ஆருக்கு பொறந்தது இல்ல, உங்க ரூட்டுக்கு டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது நகரறப்ப க்ளட்ச்சுக்கு பதிலா ஆயில் வழியா இழுவைய கடத்தற வகை, வாங்கியிருந்தா இந்த கடிதமே வந்திருக்காது. ஆனா வாங்கியாச்சு. அதனால முன்னாடி வண்டி அரை அடி நகர்ந்ததும் நீங்களும் அரை அடி நகராதீங்க, ஒரு வண்டி நீளம் எடம் விட்டு அப்பறம் ஒரேடியா போய் நில்லுங்க, நடுவுல ஒரு பைக்காரன் பூருவான், பூரட்டும். நின்னா பிரேக்க முழுசா மிதிச்சு நில்லுங்க, அரைகுறையா மிதிச்சு ஊர விட்டீங்கன்னா அந்த நேரம் பூரா க்ளட்ச் வழுக்குது. ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டர்ல வண்டிய பிடிச்சு நிக்கவே நிக்காதீங்க. கடைசில எழுதியிருந்தீங்க இல்ல, சேலத்துல அம்மா வீட்டுக்கு போயிட்டு ஏற்காடு போற பிளான்னு, அங்க இருபது ஹேர்பின் வளைவு, லீவு நாள்னா வளைவுல வண்டி மேல வண்டி நிக்கும், அந்த வரிசைல நின்னு ஏர்றது தான் இந்த க்ளட்ச்சுக்கு எமன். அப்டேட்டும் ரீலேர்னும் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆபீஸ் ரூட்ல ஓட்டிட்டு அப்பறம் போங்க, இல்லன்னா அப்பா வண்டில போங்க.

அப்டேட் போட்ட அன்னிக்கே புது வெர்ஷன் நம்பர ஜாப் கார்டுல எழுதி வாங்கிக்கங்க. அப்பறம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, உங்களுக்கு அது ஒரு மாசம் மாதிரி ஆகும். உதறல் சுத்தமா போயிடுச்சுன்னா முதல் வகை, நிம்மதியா இருங்க. கொறஞ்சு திரும்ப வந்துச்சுன்னா ஒரு நாள் கூட தள்ளிப் போடாம கொண்டு போய் விடுங்க, க்ளட்ச்ச இறக்கி அளக்கச் சொல்லுங்க, அப்பவும் உங்க கைல நாலு மாசம் வாரன்டி மிச்சம் இருக்கும். ஃப்ளாஷ் பண்றதுக்கு முன்னாடி எடுக்கற அந்த அடாப்டேஷன் வேல்யூ போட்டோவ எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, ரிவர்ஸ்ல உதறுச்சா இல்லையான்னும் கூடவே எழுதுங்க, ரெண்டையும் வெச்சு எந்த க்ளட்ச்னு சொல்றேன்.